வேலை இருந்தால் வருவார்கள்

அறுபது வயதைத் தாண்டிய தமிழர்களுக்கு, மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பொழுதைக் கழிக்கவோ, புதிதாக எதையும் கற்கவோ, உடம்பைப் பேணவோ வழியே இல்லை என்ற குறையை நான் அடிக்கடி கேட்கிறேன். எனக்கு அது முழு உண்மையாகத் தோன்றவில்லை. வழிகள் இருக்கின்றன, அவற்றின் வாசலில் நம்மவர்களின் செருப்புகளைத்தான் காண முடிவதில்லை.

சமூக நல இலாகாவின் ஆதரவோடு நாடெங்கும் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் இயங்குகின்றன. மலாய்ப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘பாவே’ என்று அவற்றை அழைக்கிறார்கள். அறுபது வயது நிறைந்தவர்கள் பகலில் வந்து, பேசி, பாடி, பயிற்சி செய்து, கைவேலை கற்று, வீடு திரும்பும் இடங்கள் இவை. முதியோர் இல்லத்துக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாயாரைச் சேர்க்கலாமே என்று நான் கேட்டபோது, “அம்மாவை ஹோமில் விடும் அளவுக்கு நாங்கள் கெட்டுப் போகவில்லை, டீச்சர்” என்று முகம் சுளித்த மகன்களை நான் பார்த்திருக்கிறேன். இவை தவிர, அரசாங்கக் கிளினிக்குகளில் மூத்தோர் மன்றங்கள் இருக்கின்றன. 1975ஆம் ஆண்டு முதல் இயங்கும் ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கக் குழுக்கள் பல தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், காலை உடற்பயிற்சி நடத்துகின்றன. கைப்பேசியும் கணினியும் கற்றுத்தரும் ‘நாடி’ மையங்களில் வயது வரம்பு பார்ப்பதில்லை.

பிறகு ஏன் போவதில்லை? மலாய் மொழி ஒரு தடை. ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த பெண்கள் பலர் ஆறாம் வகுப்பைக்கூட எட்டாதவர்கள். சந்தையில் மீன் வாங்கப் போதுமான மலாய், ஓர் அதிகாரி நடத்தும் சுகாதார விளக்கவுரைக்குப் போதாது. போக்குவரத்து மற்றொரு தடை. எல்ஃபில், டோவன்பி, ஹீவூட் போன்ற தோட்டப் பகுதிகளிலிருந்து பட்டணத்துக்கு வர யாராவது காரில் ஏற்றிக்கொண்டால்தான் உண்டு. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, மீண்டும் அழைத்துவரும் பொறுப்பும் பாட்டிமார்களின் தலையில்தான் இருக்கிறது. ஆயினும், இவற்றையெல்லாம் விடப் பெரிய தடை நாம் அவர்களை அழைக்கும் முறையே என்பது என் கருத்து. ஆண்டுதோறும் அக்டோபர் 1ஆம் தேதி மூத்தோர் தினம் வருகிறது. மேடை போட்டு, வரிசையில் உட்காரவைத்து, ஆளுக்கொரு ஹம்பர், அதாவது பரிசுக்கூடை, கொடுத்துப் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்தப் படத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வாங்கிக்கொள்வதற்கு மட்டுமே அழைக்கப்படும் இடத்துக்குத் தன்மானமுள்ள எவரும் வாராவாரம் வரமாட்டார்.

இவர்கள் யார் என்பதை நாம் மறந்துவிட்டோம் போலும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களில் பால் வெட்டி, மங்குக் கிண்ணங்களில் சேர்ந்ததைத் தோம்பு வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமந்தவர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் நிர்வாகமும் செய்தவர்கள் என்பதைத்தான் பேசுவதில்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபின் தோட்டந்தோறும் கிளைகளில் சந்தா வசூலித்துக் கணக்கு எழுதியவர்கள் அவர்களுள் இருந்தார்கள். ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், நெடுங்காலம் எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டந்தோறும் சென்று பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். அப்போது பணம் கொடுத்தவர்கள் இன்றைய முதியவர்களின் பெற்றோர். அதைத் தங்கள் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் இன்றைய முதியவர்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவைப் பத்து நாள் நடத்தி, செலவுக்கணக்கைக் காசு பிசகாமல் ஒப்படைத்த கைகள் அவை. அந்தக் கைகளில் ஒரு ஹம்பரைத் திணித்துவிட்டு நாம் நன்றி எதிர்பார்க்கிறோம்.

பணி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலர் சேர்ந்து எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் ஒரு காலைக்கூட்டத்தைத் தொடங்கியபோது, ‘நடவடிக்கை’ என்ற பேச்சையே எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பினோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்ட பிறகு, எட்டரை மணியிலிருந்து பத்தரை வரை. “நான் வந்து என்ன செய்யப்போறேன்” என்று அதுவரை மறுத்து வந்தவர்கள், சொந்த அரிவாள்மனையோடு வந்து சேர்ந்தார்கள். முருங்கைக்கீரை ஆயும்போது வாய் சும்மா இருக்குமா? யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் கிளினிக் தேதியைத் தவறவிட்டார், யார் குளியலறையில் வழுக்கி விழுந்ததைப் பிள்ளைகளிடம் மறைத்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கேதான் வெளிவந்தது. எந்தச் சுகாதார ஆய்வாளரும் படிவம் நீட்டி இவ்வளவு விவரம் திரட்ட முடியாது.

விழுந்த கதைகள் அடுத்தடுத்து வந்ததால்தான் பயிற்சி தொடங்கியது. 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் 150 நிமிடமாவது மிதமாக உடம்பை இயக்க வேண்டும் என்றும், அத்துடன் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. நடைப்பயிற்சியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவதாகச் சொன்னதை யாரும் கவனிப்பதில்லை. தோட்டத்தில் உழைத்தவர்களிடம் இதைச் சொன்னால், “அந்தக் காலத்தில் உழைத்த உடம்பு, இதற்கு மேல் என்ன பயிற்சி” என்பதே முதல் பதில். உழைப்பு நின்ற நாள் முதல் தொடைத் தசை கரையத் தொடங்கிவிடுகிறது என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, நாற்காலிதான் புரியவைத்தது.

சுவரை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்று மீண்டும் உட்கார வேண்டும். முப்பது விநாடிகளில் எத்தனை முறை முடிகிறது என்று எண்ண வேண்டும். ஒரு காலத்தில் தன் வேகத்துக்குக் கங்காணியே பேர் சொல்லுவார் என்று பெருமை பேசும் பாட்டி ஒருவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். மூன்றாம் முறையே கை தானாகத் தொடையை ஊன்றியது. “நாற்காலி தாழ்வா இருக்கு, டீச்சர்” என்றார். வேறு நாற்காலி போட்டோம். அதுவும் தாழ்வாகத்தான் இருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் வீட்டில் பழகிக்கொண்டு வந்து, மற்றவர்களுக்குத் தாமே உரக்க எண்ணிக்கை சொல்லத் தொடங்கினார். இப்போது அந்தப் பொறுப்பு அவருடையது. நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலும் முன்விரலும் ஒட்ட நேர்க்கோட்டில் நடப்பது ஆகியவற்றையும் செய்கிறோம். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் தலைச்சுற்றல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றில் இறங்கக்கூடாது. ட்ராக் சூட் கட்டாயம் இல்லை, சேலையிலேயே செய்யலாம். தொலைக்காட்சிப் பயிற்றுநர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

கற்றலைப் பற்றிப் பேசினால், 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் முதியவர்கள் கற்பதற்காகத் தொடங்கிய ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ என்ற இயக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தை ஒட்டி அது வளர்ந்தது. கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்பவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. எங்களுக்கு எட்டாத தூரம். ஆனால் 1980களின் தொடக்கத்தில் பிரிட்டனில் அதே இயக்கம் எடுத்த வடிவம் எங்களுக்கு மிகவும் பொருந்துகிறது. அங்கே பேராசிரியர் இல்லை, தேர்வு இல்லை. உறுப்பினர்களே தமக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் கற்பிக்கிறார்கள். பட்டணமே இல்லாத இடத்திலும் இதை நடத்தலாம்.

எங்கள் கூட்டத்தில் அதிகம் பயன்பட்ட பாடம் மோசடி அழைப்புகளைப் பற்றியது. பேத்தி ஒருத்தி பக்கத்து அறையிலிருந்து வங்கி அதிகாரிபோல அழைப்பாள். பாட்டி பதில் சொல்ல வேண்டும். முதல் சுற்றில் பலர் அடையாள அட்டை எண்ணை ஒப்புவித்தார்கள். ஒருவர் கூடுதலாக மகனின் சம்பளத்தையும் சொன்னார். சிரித்து ஓய்ந்தபின், அழைப்பைத் துண்டிப்பது மரியாதைக் குறைவு ஆகாது என்பதையும், பணம் போய்விட்டால் உடனே 997 எண்ணில் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை அழைக்க வேண்டும் என்பதையும் திரும்பத் திரும்பச் சொன்னோம். இதுபோக நாளிதழ் வாசிப்பும் உண்டு. 1924 முதல் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றதிலிருந்து வாசிப்பையே விட்டுவிட்டதாகச் சொன்ன தாத்தா ஒருவர், கண் மங்கியவர்களுக்கு இப்போது தலைப்புச் செய்திகளை வாசித்துக் காட்டுகிறார். இடையிடையே சொந்தக் கருத்தையும் செய்திபோலவே வாசித்துவிடுகிறார். அதற்காகவே சிலர் வருகிறார்கள்.

தமிழ்ப்பள்ளிகள் இவர்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றுள் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவு. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று சத்தம் போட்டு வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு தாத்தா இருந்தால், ஆசிரியைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது எனக்குத் தெரியும். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஒப்புதலும் முதலில் வேண்டும். ஒரு நிபந்தனையும் வேண்டும்: “எங்க காலத்துல” என்று தொடங்கும் அறிவுரைகளைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பிள்ளைகள் கேட்க விரும்புவது அறிவுரையை அல்ல; தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயக்கொட்டகையில் எப்படித் தூங்கினீர்கள், காட்டுப்பன்றியை எங்கே பார்த்தீர்கள் என்பதைத்தான்.

ஆண்கள் இன்னும் குறைவாகவே வருகிறார்கள். ஒட்டுக்கடைத் தேநீர் அவர்களை விடுவதில்லை. கேரம் பலகை ஒன்று வாங்கிப் போட்டதில் கொஞ்சம் பயன் தெரிந்தது; கோயில் மின்விசிறியைப் பழுது பார்க்கச் சொன்னதில் அதைவிட அதிகம் தெரிந்தது.

வேறு ஊர்களில் இதைத் தொடங்க நினைப்பவர்கள் வண்டியைப் பற்றி முதலில் யோசியுங்கள். யார் வீட்டு வாசலில் யார் ஏற்றிக்கொள்வது, பெட்ரோல் செலவை யார் ஏற்பது என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிட வேண்டும். இது தீராமல் நின்றுபோன குழுக்கள் உண்டு. கோயில் நிர்வாகம் மண்டபத்தைத் தந்தால் பாதி வேலை முடிந்தது. அரசாங்க மையத்தில் சேர விரும்பும் எங்கள் வட்டாரத்தினர், அடையாள அட்டையோடு கோலகங்சார் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். தனியாகப் போகாமல் நான்கைந்து பேராகச் சேர்ந்து போங்கள். மலாய் தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும்.