வெள்ளவத்தைக் கரையில் கற்ற வானியல்

கொழும்பில் படித்தவர்களுக்கு வானியல் என்றதும் 1965இல் திறக்கப்பட்ட கோள்மண்டலம் என்னும் வான்காட்சி அரங்கமே நினைவுக்கு வரும். எங்கள் வகுப்பும் அங்கே சென்றதுண்டு. ஆயினும் எனக்கு வானத்தை உண்மையாகக் காட்டியது, எமது பௌதிக ஆசிரியர் வெள்ளவத்தையில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் இடையிலான மணலில் நிறுத்திய சிறிய தொலைகாட்டிதான்.

தென்மேற்குப் பருவக்காற்று மேகங்களைக் கொண்டுவருமுன், மே மாதத் தொடக்கத்து இரவுகளில் அவர் எங்களை அழைத்துச் செல்வார். கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால், துருவ நட்சத்திரம் கொள்ளுப்பிட்டிப் பக்கம் அடிவானை ஒட்டி மங்கலாகத் தெரியும். திரும்பினால் தெகிவளைக் கரைக்கு மேலே தென்சிலுவை என்னும் விண்மீன் கூட்டம் நிற்கும். இன்று நான் வாழும் லண்டனில் துருவ நட்சத்திரம் 51 பாகை உயரத்தில் இருக்கிறது. தென்சிலுவையோ ஒருநாளும் உதிப்பதில்லை. அந்தப் பேற்றின் அருமையை இங்கு வந்த பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

புகையிரதம் கடந்தால் மணல் அதிர்ந்து வியாழனின் நான்கு துணைக்கோள்களும் நடுங்கும். அவை அடங்கும்வரை பேசாமல் காத்திருப்போம். வில்லையில் உப்பு படிந்தால் உலர்ந்த துணியால் துடைக்கவே விடமாட்டார். முதலில் இறப்பர்க் குமிழால் ஊதி, பின்னர் வடித்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒற்றியெடுப்பார்.

பேர்சி மோல்ஸ்வேர்த்தைப் பற்றி அங்கேதான் கேட்டேன். 1867இல் கொழும்பில் பிறந்து, திருகோணமலையில் இராணுவப் பொறியியலாளராகக் கடமையாற்றிய அவர், வில்லைக்குப் பதிலாக ஆடியால் ஒளியைக் குவிக்கும் தமது சொந்தத் தெறிப்புத் தொலைகாட்டியால் வியாழனை இரவிரவாக ஆராய்ந்தார். 1901இல் அக்கோளின் தென்பகுதியில் அவர் கண்டறிந்த மேகக் குழப்பம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நீடித்தது. அவ்வாண்டு வியாழன் வானின் தென்பகுதியில், தனுசு இராசியில் இருந்தமையால், இங்கிலாந்தில் அடிவானத்தின் தடித்த காற்றினூடாகக் கலங்கியே தெரிந்தது. திருகோணமலையிலோ ஏறத்தாழ 60 பாகை உயரம் ஏறியது. எம் நாட்டின் அமைவிடமே ஓர் ஆய்வுக் கருவி என்று ஆசிரியர் அடிக்கடி சொல்வார். 1908இல் திருகோணமலையிலேயே மறைந்த மோல்ஸ்வேர்த்தின் பெயரைச் செவ்வாயின் பள்ளமொன்று தாங்கி நிற்கிறது.

நமது பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கல்லூரி மாடியில் கூரை திறந்து மூடும் சிறு அவதான நிலையமொன்றை அமைத்து, மாதத்தில் ஓரிரவு ஊர்மக்களையும் அனுமதிப்போம். நகர வெளிச்சம், விண்வெளியில் வாயுவும் தூசும் திரண்ட மங்கலான விண்முகில்களை மறைத்தாலும் சந்திரனையும் வியாழனையும் சனியின் வளையத்தையும் மறைக்காது. தொலைகாட்டி வாங்கப் பணம் சேர்ப்பது எளிது. கடற்காற்றில் அதைத் துப்புரவாகப் பேணப் பயிற்றப்பட்ட ஒருவருக்கு ஆண்டுதோறும் கொடுப்பனவு ஒதுக்குவதையே முதலில் தீர்மானிக்க வேண்டும்.