மூன்று பிட்டுக்குள் ஒரு ரிப்போர்ட்

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் கணினி வழியாகக் குறுஞ்செய்தி பரிமாறும் எஃப்டி8 முறையில் 15 விநாடிக்கு ஒரு செய்தி. நாம் சொல்ல வேண்டியதற்கு அதில் கிடைக்கும் இடம் 77 பிட் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1). பிழை கண்டுபிடிக்க 14, பிழை திருத்த 83 என்று கூடிக் காற்றில் 174 பிட் போகும். ஆனால் நம் பங்கு அந்த 77தான். இரண்டு கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்), ரிப்போர்ட் (சிக்னல் எப்படிக் கேட்கிறது என்ற மதிப்பு), காண்டெஸ்டில் (அதிகத் தொடர்பு பிடிக்கும் போட்டியில்) கேட்கும் எண், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

ஆர்டிடிஒய் ரவுண்டப் என்ற காண்டெஸ்டுக்கான செய்தி அமைப்பை முதன்முதலாகப் பிரித்துப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ரிப்போர்ட்டுக்கு அதில் மூன்றே பிட். 579, 599 என்று மூன்று இலக்கம் கொடுக்கிறோமே, எப்படிப் போதும்? காண்டெஸ்டில் முதல் இலக்கம் எப்போதும் 5, கடைசி எப்போதும் 9. மாறுவது நடு இலக்கம் மட்டும். அதில் 2 முதல் 9 வரை எட்டு மதிப்புகள், எட்டுக்கு மூன்று பிட். ரேடியோவில் உட்கார்ந்து பழகியவர்தான் இப்படி யோசிக்க முடியும். அடுத்த 13 பிட்டில் 8192 மதிப்புகள். நம் போன்ற மற்ற நாட்டவரின் வரிசை எண்ணுக்கு (இது எத்தனையாவது தொடர்பு என்பதற்கு) 7999 வரை விட்டுவிட்டு, மிச்சத்தில் அமெரிக்க, கனடா மாநிலங்களை உட்கார வைத்திருக்கிறார்கள்.

சாதாரணச் செய்தியில் வரும் கிரிட்டும் (நிலையம் இருக்கும் வரைபடக் கட்டம்) இப்படித்தான். உலகம் முழுக்க 32,400 கட்டங்கள் (திருச்சி எம்கே90). 15 பிட்டில் 32,768 மதிப்புகள். மீதி 368-ஐ வீணாக்காமல் டெசிபல் ரிப்போர்ட்டும், விடைபெறும் வாழ்த்தான 73-ம் அங்கேயே போகின்றன.

போன மாதம் நாங்கள் பத்துப் பேர் மாவட்டங்களை வைத்து ஒரு சின்னக் காண்டெஸ்ட் நடத்தலாம் என்று பேசினோம். செய்தி அமைப்பு என் பொறுப்பு. இரண்டு கால்சைனுக்கு 56, எந்த வகைச் செய்தி என்று சொல்ல 3, மீதி 18. மாவட்டம் 38, அதற்கு 6 பிட். பாக்கி 12 பிட்டையும் வரிசை எண்ணுக்குக் கொடுத்தேன். கணக்கு சரியாக 77. நோட்டைப் படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். எனக்கு மோர்ஸ் சொல்லிக் கொடுத்தவர் அவர். உடனே போன் வந்தது.

“தம்பி, நான் அனுப்பினது உனக்குக் கிடைச்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

'ஆர்' பிட்! கால்சைன்களுக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவே வரும் அந்த ஒற்றை 'ஆர்'தான் 'வாங்கிக்கொண்டேன்' என்பதற்கு அடையாளம். அது இல்லாவிட்டால் இருவரும் தங்கள் எண்ணையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்கள். தொடர்பை லாகில் (பதிவேட்டில்) ஏற்றலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாது. வரிசை எண்ணிலிருந்து ஒரு பிட்டை எடுத்து அதற்குக் கொடுத்தேன். இப்போது 2047 வரை எண்ணலாம், பத்துப் பேருக்கு அது தாராளம்.

மாவட்டத்துக்கான 6 பிட்டில் 64 இடம் இருப்பதால் புதுச்சேரியையும் காரைக்காலையும் சேர்த்துவிட்டேன். இன்னும் 24 காலி. அதை அப்படியே விட்டு வைக்கிறேன், மாவட்டங்களைப் பிரித்துக்கொண்டேதானே இருக்கிறார்கள். வழக்கமான மென்பொருளுக்கு இந்தச் செய்தி புரியாது. அதனால் வரும் ஞாயிறு என் வீட்டு மாடியில் உட்கார்ந்து பைத்தானில் நாங்களே எழுதப் போகிறோம்.