தக்கோலத்துக்கும் ராஜராஜனுக்கும் நடுவே 36 வருடம்

யுபிஎஸ்சி மெயின்ஸுக்கு வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்துத் தமிழிலேயே எழுதப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாதிரித் தேர்வில், தக்கோலம் போரில் கர்நாடகப் பக்கத்து ராஷ்டிரகூடர்களிடம் இழந்ததைச் சோழர்கள் எப்படி மீட்டார்கள் என்று 20 மதிப்பெண்ணுக்குக் கேட்டிருந்தார்கள். நம்ம ஊர்க் கேள்வியாச்சே என்று மூன்று பக்கம் எழுதித் தள்ளினேன், கிடைத்தது 6. 949-இல் தோல்வி, 985-இல் ராஜராஜன் வந்தான், காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தான் என்று ஒரே தாவலாகத் தாவியிருந்தேன். பயிற்சி மையத்தில் கொடுத்த குறிப்பிலும் அவ்வளவுதான் இருந்தது. திருத்தியவர் ஓரத்தில் “நடுவில் 36 வருடம்?” என்று மட்டும் எழுதியிருந்தார்.

சரி, என்னதான் போனது என்று முதலிலிருந்து பார்த்தேன். அரக்கோணம் பக்கத்துத் தக்கோலத்தில் முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் யானை மேலேயே செத்தான். சோழர் செப்பேடு அதை வீரமரணமாகப் பாடுகிறது. கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டோ அவனைக் கொன்றது கங்க மன்னன் பூதுகன், அதற்குப் பரிசாக ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன் வனவாசி நாட்டைக் கொடுத்தான் என்கிறது. (அதே கல்லில் காட்டுப்பன்றியோடு மோதிச் செத்த காளி என்ற வேட்டை நாய்க்கும் நினைவு இருக்கிறது. விடைத்தாளில் எழுத வேண்டாம், ஆனால் அந்த நாயால்தான் எனக்கு ஆதகூர் மறப்பதில்லை.) இரண்டு தரப்பையும் ஒரு வரியில் சேர்த்து எழுதினாலே விடையின் தரம் மாறிவிடும்.

அப்புறம் கிருஷ்ணன் “கச்சியும் தஞ்சையும் கொண்ட” கன்னரதேவன் என்று தொண்டைமண்டலம் (காஞ்சியைச் சுற்றிய வடபகுதி) முழுக்கக் கல்வெட்டு வெட்டிக்கொண்டான். 959-இல் அவன் கர்ஹாட் செப்பேட்டை வெளியிட்டது அதே தொண்டைமண்டலத்து மேல்பாடிப் பாசறையிலிருந்து, அதாவது போர் நடந்து பத்து வருடம் கழித்தும் ஆள் இங்கேதான் இருந்திருக்கிறான். தெற்கே வீரபாண்டியன் “சோழன் தலைகொண்ட” என்று பட்டம் போட்டுக்கொண்டான்.

நான் சறுக்கிய இடம் இதுதான். மீட்பு என்றால் ஒரு பெரிய போர் இருக்கும் என்று தேடிக்கொண்டே இருந்தேன். தெற்கில் இருக்கிறது: ராஜராஜனின் அப்பா சுந்தர சோழன் காலத்துச் சேவூர்ப் போர். சுந்தர சோழனின் மூத்த மகன், சிறுவனான ஆதித்த கரிகாலன் வீரபாண்டியனோடு மத யானையுடன் சிங்கக்குட்டி விளையாடுவது போல விளையாடினான் என்கிறது லெய்டன் செப்பேடு, பிறகு ஆதித்தனும் “பாண்டியன் தலைகொண்ட” ஆனான். ஆனால் தலை வந்ததே தவிர பாண்டிய நாடு முழுசாகக் கைக்கு வரவில்லை, அதற்கு ராஜராஜன் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஈழத்துக்குப் போன படையும் தளபதியைப் பறிகொடுத்ததுதான் மிச்சம்.

வடக்கில் அப்படிப் பெயர் சொல்ல ஒரு போரே கிடையாது. கல்வெட்டுகளில் கன்னரதேவன் பெயர் நின்று சோழர் ஆட்சியாண்டு மறுபடி வருகிறது, அவ்வளவுதான். சுந்தர சோழன் இறந்ததே காஞ்சிப் பொன்மாளிகையில், அதனால்தான் “பொன்மாளிகைத் துஞ்சின தேவர்” என்று பெயர். காஞ்சி திரும்பிவிட்டது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா? எதிரி பக்கமும் பாருங்கள்: 967-இல் கிருஷ்ணன் போய்விட்டான், 973-இல் சாளுக்கிய இரண்டாம் தைலபன் ராஷ்டிரகூட ஆட்சியையே முடித்துவிட்டான். என்னைக் கேட்டால் வடக்கு மீண்டதில் பாதிப் பங்கு தைலபனுக்கு.

இப்போது நான் போர்ப் பட்டியல் போடுவதில்லை. ஒரு தாளில் மேலே காஞ்சி, நடுவில் தஞ்சை, கீழே மதுரை என்று மூன்று வரிசை, குறுக்கே 949 முதல் 985 வரை வருடங்கள், கட்டத்துக்குள் அங்கே அப்போது யார் பெயரில் கல்வெட்டு என்பது மட்டும். சுந்தர சோழனுக்கும் ராஜராஜனுக்கும் நடுவே ஆண்ட உத்தம சோழனைப் பலர் ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். அவன் செப்பேடு காஞ்சி ஊரகம் கோயில் வரவு செலவு ஏற்பாட்டைப் பற்றியது, அதைக் காஞ்சி வரிசையில் போட்டால் அங்கே நிர்வாகம் எவ்வளவு நிதானமாக நடந்தது என்று தெரியும். இதே கேள்வியை இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதினேன், ஒன்றரைப் பக்கம்தான் வந்தது, 11 போட்டார்கள்.