அரை அளவு கிட்டாரில் மோகனம்: மகளுக்குத் தொடங்கிய விதம்

எந்த வயதில் குழந்தையைக் கிட்டார் கற்கச் சேர்க்கலாம் என்று நாங்கள் விசாரித்த இடங்களிலெல்லாம் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொன்னார்கள். ஐந்து வயது போதும் என்றார் ஒருவர். பத்து வயது வரை தொடவே விடாதீர்கள் என்றார் மற்றொருவர். மகளுக்கு அப்போது ஐந்து நிறைந்திருந்தது. ஜூன் 21 அன்று புதுச்சேரித் தெருக்களில் நடக்கும் இசைத் திருநாளில், அதாவது 1982இல் பிரான்சில் தொடங்கி இங்கும் கொண்டாடப்படும் அந்த மாலையில், சாலையோரம் வாசித்துக்கொண்டிருந்த இளைஞர்களின் முன்னால் அவள் நகராமல் நின்றுவிட்டதிலிருந்து இந்தக் கேள்வி எங்கள் வீட்டில் ஓயவில்லை. ஆர்வம் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்த ஆர்வத்தைக் கெடுக்காத தொடக்கம் எது என்பதையே நாங்கள் தேட வேண்டியிருந்தது. தேடிப் பார்த்ததையும் செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கையை அளந்தோம். முழு அளவுக் கிளாசிக்கல் கிட்டாரில் தந்தியின் அதிரும் நீளம் 650 மில்லிமீட்டர். முதல் ஃபிரெட்டின் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பியின்) இடத்தைக் கணக்கிட அந்த நீளத்தை 17.817ஆல் வகுக்க வேண்டும். எஞ்சிய நீளத்தை மறுபடியும் அதே எண்ணால் வகுத்தால் அடுத்த ஃபிரெட் கிடைக்கும். இப்படிக் கணக்கிட்டால் முதல் ஃபிரெட்டுக்கும் நான்காம் ஃபிரெட்டுக்கும் இடையே முழு அளவில் ஏறத்தாழ 98 மில்லிமீட்டரும், 580 மில்லிமீட்டர் நீளமுள்ள முக்கால் அளவில் 87 மில்லிமீட்டரும், 530 மில்லிமீட்டர் நீளமுள்ள அரை அளவில் 80 மில்லிமீட்டரும் வருகின்றன. தயாரிப்பாளரைப் பொறுத்து இந்த நீளங்கள் சிறிது மாறும் என்பதால், கடையில் டேப்பை வைத்து தந்தியின் இரு முனைகளையும் தாங்கும் கட்டைகளான நட்டிலிருந்து சேடில் வரை அளந்துகொள்வது நல்லது. மகளின் இடக்கை விரல்களை மேசையின் விளிம்பில், தந்தியை அழுத்துவதுபோல வளைத்து ஊன்றச் சொல்லி, ஆள்காட்டி விரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடையே அளந்தபோது 80 மில்லிமீட்டரைச் சிரமமில்லாமல் எட்டியது. அவளுக்கு ஏற்றது அரை அளவு என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. இதே சோதனையில் 70ஐத் தாண்டாத குழந்தைக்குக் கால் அளவு கிட்டாரோ, கிட்டார் போன்ற சிறு கருவியான யுகுலேலியோ பொருந்தும். வயது நான்கா ஏழா என்று பார்க்கத் தேவையே இல்லை.

இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனது நல்லதாயிற்று. நகரத்துக் கடைகளில் குழந்தைக்கு என்று கேட்டால் பெரும்பாலும் 38 இஞ்ச் ஸ்டீல் கம்பிக் கிட்டாரைத்தான் எடுத்துத் தருகிறார்கள். 38 இஞ்ச் என்பது கருவியின் மொத்த நீளம். அரை அளவுக் கருவிகள் 34 இஞ்சை ஒட்டியும், கால் அளவுக் கருவிகள் 30 இஞ்சை ஒட்டியும் இருக்கும். நீளத்தைவிடக் கம்பியே பெரிய இடர். மெல்லிய ஸ்டீல் கம்பித் தொகுதி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ விசையில் இழுபட்டு நிற்கும். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து அதில் பாதியளவு விசையில்தான் நிற்கும். ஆறு வயதுக் குழந்தையின் விரல் நுனிக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை, கடையிலேயே இரண்டையும் அழுத்திப் பார்க்கச் சொன்னால் அவர்கள் முகமே சொல்லிவிடும். நைலான் தந்தி போட்ட அரை அளவுக் கருவியைச் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். காத்திருக்கச் சம்மதித்தோம்.

அந்தக் காத்திருப்பைக் காதுக்குக் கொடுத்தோம். நான் சிறுவயதில் வாய்ப்பாட்டு கற்றவள். கைபேசியில் தம்புராவை 5 கட்டையில், அதாவது ஜி ஸ்ருதியில், வைத்துவிட்டு, நான் பாடும் ஸ, ப, மேல் ஸ ஆகியவற்றைத் திருப்பிப் பாடச் சொன்னேன். தொடக்கத்தில் அவள் பஞ்சமத்தை விட்டுக் கீழே இறங்கிவிடுவாள். திருத்தாமல் நானும் சேர்ந்து பாடினால் தானே மேலேறிப் பிடித்துக்கொள்வாள். ஆதி தாளம் போடக் கற்றுக்கொடுத்ததில் நான் எதிர்பாராத பயன் ஒன்று கிடைத்தது. தட்டுக்குப் பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாக எண்ணும்போது, ஒரு விரல் இறங்க மற்றவை அசையாமல் நிற்கப் பழகுகின்றன. கிட்டாருக்கு முதலில் வேண்டியதும் அந்தப் பழக்கமே. வலக்கையால் சரளமாக வந்த பிறகு இடக்கையாலும் போடச் சொன்னேன். மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒட்டிக்கொண்டே இறங்கிய நிலை மாறி, தனித்தனியே தொடத் தொடங்கியபோது, கருவி வந்தால் எடுத்துக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு வந்தது. ஸ்ருதியில் நின்று நான்கு ஸ்வரம் பாடவும், ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை நிறுத்தாமல் எண்ணவும் முடிகிற குழந்தை எந்த வயதாயினும் தொடங்கலாம் என்பதே என் கருத்து. அவை வராத குழந்தைக்குக் கருவியை வாங்கிக் கொடுத்து வகுப்பில் உட்கார வைப்பதைவிட, அதே நேரத்தில் வீட்டில் பாடி விளையாடுவது அதிகம் பயன் தரும்.

இடையில் அண்ணன் வீட்டிலிருந்து யுகுலேலி ஒன்று சில வாரங்களுக்கு வந்து சேர்ந்தது. நான்கே தந்தி, மென்மையான நைலான், 35 சென்டிமீட்டரை ஒட்டிய தந்தி நீளம். முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் ஒரே விரலை வைத்தால் ஸி மேஜர் கார்ட் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) வந்துவிடுகிறது. மகள் மகிழ்ச்சியாகவே வாசித்தாள். ஆயினும் யுகுலேலியின் நான்காம் தந்தி மூன்றாம் தந்தியைவிட உயர்ந்த ஸ்வரத்தில் இருப்பதால், கீழிருந்து மேலே ஏறும் ஸ்வர வரிசையைத் தந்திகளின் வரிசையிலேயே அவள் பார்க்க இயலவில்லை. பாடிக்கொண்டே வாசிக்க விரும்பும் குழந்தைக்கு அந்த வரிசை கண்ணில் படுவது முக்கியம் என்று எனக்குத் தோன்றியது. மிகச் சிறிய கைக்கு நான் யுகுலேலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். எங்கள் தேவைக்குக் கிட்டாரே சரி.

கருவி வந்தது. அதில் போட்டிருந்த தந்திகள் முழு அளவுக்கு உரியவை. தந்தியின் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 530ஐ 650ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 0.66 வருகிறது. அதாவது அதே தந்தி, அதே ஸ்வரத்தில், மூன்றில் இரண்டு பங்கு விசையோடுதான் நிற்கும். அதனால் மிகத் தடித்த ஆறாம் தந்தி தொளதொளவென்று ஃபிரெட்டில் மோதி இரைந்தது. ஸ்ருதி காட்டும் டியூனரின் முள் ஓரிடத்தில் நிற்கவில்லை. அரை அளவுக்கென்றே விற்கப்படும் தடித்த தந்தித் தொகுதியை மாற்றியதும் இரைச்சல் போயிற்று. ஸ்ருதியைக் காதால் பழகும் குழந்தைக்கு ஸ்ருதி நிற்காத கருவியைக் கொடுப்பது பெருங்கேடு. ஆகவே தந்தி மாற்றும் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். புதிய நைலான் சில நாள்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் நானே ஸ்ருதி சேர்த்த பிறகுதான் அவள் கையில் கொடுத்தேன்.

கடற்கரைக்கு அருகில் குடியிருப்பவர்கள் காற்றின் ஈரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மரக் கருவிக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உகந்தது என்பார்கள். நாங்கள் இருக்கும் முத்தியால்பேட்டையில் ஆண்டின் பெரும்பகுதி அதைவிட மிக அதிகம். ஒட்டுப் பலகையால் ஆன மேற்பலகை ஈரத்தில் அதிகம் உப்பாது என்பதால், முழுப் பலகை வேண்டாம் என்று முன்பே தீர்மானித்திருந்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவரை ஒட்டிச் சாய்த்து வைக்காமல், உறைக்குள் போட்டு உள் அறை அலமாரியில் வைக்கிறோம். உப்புக் காற்றில் ஸ்டீல் கம்பி விரைவில் துருப்பிடிக்கும். நைலானுக்கு அந்தக் கவலை இல்லை, தாழ்ந்த ஸ்வரத் தந்திகளின் மேல் சுற்றிய உலோக இழை மட்டும் கறுக்கும்.

இனி, கற்பித்த முறை. தேவாலயப் பாடகர் குழுவுக்கு நெடுங்காலம் கிட்டார் வாசித்த மாஸ்டர் ஒருவர் வாரம் ஒரு நாள் வருகிறார். வழக்கமாக அவர் கார்டுகளிலிருந்து தொடங்குபவர். மூன்று விரல்களை மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் வைக்கும் கார்ட் என் மகளுக்கு எட்டவில்லை என்பதைக் கண்டதும் நான் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னேன். கிட்டாரின் மூன்றாம் தந்தி திறந்த நிலையில் ஜி, அதாவது அவள் பாடிப் பழகிய அதே 5 கட்டை. அதை ஸட்ஜமமாகக் கொண்டால் நான்காம் தந்தி மந்தரப் பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் ப), இரண்டாம் தந்தி அந்தர காந்தாரம், முதல் தந்தி சதுச்ருதி தைவதம். இடக்கை எதையும் தொடாமலே ப, ஸ, க, த நான்கும் கிடைத்துவிடுகின்றன. விட்டுப்போனவற்றில் ரிஷபம் மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில். மத்தியப் பஞ்சமம் இரண்டாம் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில். மேல் ஸட்ஜமம் முதல் தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில். மூன்றே இடங்களில், நடுவிரலும் மோதிர விரலும் மட்டும் கொண்டு, மோகன ராகத்தின் ஆரோகணமும் அவரோகணமும் முழுமையாக வந்துவிடுகின்றன. நட்டை ஒட்டியிருப்பதால் அழுத்தக் கடினமான முதல் ஃபிரெட்டை அவள் தொடவே வேண்டியதில்லை.

மாஸ்டர் கருவியை வாங்கி இருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, "இப்படியே போகலாம்மா, கார்ட் தானா வரும்" என்றார். அவர் சொன்னது சரியாகவே இருந்தது. மோகனத்தின் மேல் ஸட்ஜமத்தில் மோதிர விரலை வைத்தபடி முதல் நான்கு தந்திகளையும் சேர்த்து மீட்டினால், அதுவே சிறிய ஜி மேஜர் கார்ட். அவள் அதை ஸ்வரமாகவே அறிந்திருந்ததால் கார்டாகக் கற்கத் தனி முயற்சி தேவைப்படவில்லை.

வாய்ப்பாட்டில் போல மாயாமாளவகௌளை ராகத்தில், முதல் பாடமான சரளி வரிசையோடு ஏன் தொடங்கவில்லை என்று என் சித்தி கேட்டார். தொண்டைக்கு அந்த ராகம் நல்ல தொடக்கம்தான். ஆனால் இதே ஸ்ருதியில் கிட்டாரில் வாசித்தால் சுத்த ரிஷபம் முதல் ஃபிரெட்டிலும், சுத்த தைவதம் இரண்டாம் தந்தியின் நான்காம் ஃபிரெட்டிலும் விழுகின்றன. முழு விரிவும் சுண்டுவிரலின் வலுவும் வேண்டும். அதை ஓராண்டுக்குப் பிறகு பார்க்கலாம். கமகம் (ஸ்வரத்தை அசைத்து இழைப்பது) இல்லாமல் மோகனம் வாசிப்பது முறையா என்ற வினாவும் எழுந்தது. கமகத்தை அவள் தொண்டையில் கற்கிறாள். கிட்டாரில் நாங்கள் தேடுவது ஸ்வரத்தின் இடத்தை மட்டுமே. இதில் எனக்கு உறுத்தல் இல்லை.

பயிற்சி என்பது பத்து நிமிடம், மாலையில் விளையாடிவிட்டு வந்து முகம் கழுவிய பிறகு. காலுக்கு அடியில் சிறு மணைப் பலகை வைத்து இடக்காலை உயர்த்தி உட்காருகிறாள். வலத்தோள் மேலே தூக்கிக்கொண்டால் அன்று நிறுத்திவிடுவோம். வலக்கைக்குப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும், தந்தியை மீட்டும் சிறு தகடான பிக் கொடுக்கவில்லை. விரல் நுனி வலிக்கிறது என்று சொன்ன நாள்களில் திறந்த தந்திகளை மட்டும் மீட்டிப் பாடினோம். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டி வைப்பது என் பொறுப்பு.

ஷினிச்சி சுசுகி என்ற ஜப்பானிய வயலின் ஆசிரியர் (1898–1998), தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பேசுவதுபோலவே குழந்தை இசையையும் கற்கும் என்று கருதி, பெற்றோர் முதலில் அந்தக் கருவியைச் சிறிது வாசிக்கக் கற்க வேண்டும் என்று வைத்தார். அதை நான் நம்பி ஏற்றேன். அவள் வகுப்புக்குப் பிறகு அரை மணி நேரம் மாஸ்டரிடம் நானும் கற்கிறேன். அவள் மோகனம் வாசிக்கும்போது நான் பழைய முழு அளவுக் கிட்டாரில் ஸ, ப இரண்டையும் தம்புராவாக மீட்டுகிறேன். வகுப்புக்கு அனுப்பிவிட்டு அடுத்த அறையில் இருந்தபடி "வாசித்தாயா?" என்று கேட்டிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருப்போமா என்பது எனக்கு ஐயமே. உடன் உட்கார வீட்டில் ஒருவருக்கு நேரமில்லை என்றால், அந்த நேரம் கிடைக்கும் வரை தொடக்கத்தைத் தள்ளி வைக்கலாம் என்று கூடச் சொல்வேன்.

டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுகளுக்கு வயது வரம்பு இல்லை என்பதால் தொடக்கத் தேர்வான இனிஷியல் நிலைக்கு அனுப்பலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவள் இன்னும் எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கும் பருவத்தில் இருக்கிறாள். இசைக் குறிப்பை அதற்கு மேல் ஏற்ற எனக்கு மனமில்லை.

இப்போது மோகனத்தில் ஸ்வரங்கள் இரட்டித்து வரும் ஜண்டை வரிசையை இரண்டு காலங்களில் (வேகங்களில்) வாசிக்கிறாள். கீதம் ஒன்றின் பல்லவியைப் பாடிக்கொண்டே வாசிக்க முயல்கிறாள். அடுத்ததாக இரண்டாம் தந்தியின் முதல் ஃபிரெட்டில் மத்தியமத்தையும், முதல் தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் காகலி நிஷாதத்தையும் சேர்க்கப் போகிறோம். அந்த இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்தால் சங்கராபரணம் கிடைத்துவிடும். முத்துசாமி தீட்சிதர் மேலை மெட்டுகளுக்கு அமைத்த நோட்டுஸ்வரங்களில் எளியவற்றை எடுத்துக்கொள்ளலாம். முதல் ஃபிரெட்டை அழுத்த முடிகிறதா என்று பார்க்கும் வரை இரண்டாம் ஃபிரெட்டில் எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கவ்வியைப் போட்டுத் தந்தியின் உயரத்தைத் தாழ்த்திக் கொடுக்கலாம் என்று மாஸ்டர் சொல்கிறார். ஸ்ருதி 6 கட்டைக்கு உயரும், அவள் குரலுக்கு அதுவும் எட்டும். ஆள்காட்டி விரலிலிருந்து சுண்டுவிரல் வரையான விரிவு 83 மில்லிமீட்டருக்கு வந்திருக்கிறது. 87ஐத் தொட்டதும் முக்கால் அளவுக் கருவி கேட்டுக் கடைக்குப் போவோம்.