ராசப்ப செட்டி தெருவில் ஜின் வாசனை

ஜின் என்றால் என்ன என்று மூக்கால் தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் பாருக்குப் போகும் முன் பார்க் டவுன் போகவேண்டும். சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கினால் ராசப்ப செட்டி தெரு நடக்கும் தூரம்தான். கந்தகோட்டம் இருக்கிற தெரு. அதைச் சுற்றி நாட்டு மருந்துக் கடைகள்.

"வால்மிளகு இருக்காண்ணே?" என்றேன்.

"தொண்டைக்கா? பனங்கற்கண்டோட வாயில அடக்கிக்குங்க" என்றபடி நிறுத்துப் போட்டார். கூடவே அதிமதுரம், பட்டை, ஏலக்காய், தனியா. பல ஜின்களில் போகும் சரக்கு இவைதான். வால்மிளகை நசுக்கி முகர்ந்தால், மிளகின் காரத்துக்குப் பின்னால் கற்பூரம் மாதிரி ஒரு குளிர்ச்சி எழும்.

வாசனை ஏதும் இல்லாத சாராயத்தில் இந்தச் சரக்குகளை ஊறப்போட்டு மறுபடி வடிப்பார்கள். சில ஆலைகளில் ஆவி போகும் வழியில் கூடை வைத்து அதில் நிரப்புவார்கள். எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜூனிபர் இருந்தாகவேண்டும். அதன் வாசனை முன்னால் நிற்காவிட்டால் அது ஜின்னே இல்லை. பழம் போலத் தெரியும் அந்த நீலக் கருப்பு உருண்டை, உண்மையில் ஊசியிலைச் செடியின் கூம்பு. அதற்கு அடுத்த இடம் பெரும்பாலும் தனியாவுக்கு. அதிலுள்ள லினலூல் எண்ணெய்தான் ஜின்னில் எலுமிச்சை சாயலையும் பூவாசத்தையும் தருகிறது. நம் ரசப்பொடியில் தினமும் இருப்பதைக் கண்ணாடிக் கிளாசில் அடையாளம் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

ஜின்னின் பிறப்பு ஹாலந்தில், ஜெனீவர் என்ற பெயரில். 1689-இல் டச்சு வில்லியம் இங்கிலாந்தின் அரசரானதும் பிரெஞ்சு பிராந்திக்குத் தடை வந்தது, லண்டனில் ஜின் பெருகியது. ஏழைகள் குடித்தே அழிகிற நிலை வந்து, 1751-இல் சட்டம் போட்டு அடக்கினார்கள்.

ஜின்னோடு கலக்கும் டானிக் தண்ணீரின் கசப்பு நம் மலைக்கு நெருக்கமானது. அது சின்கோனா பட்டையில் கிடைக்கும் குயினைன், மலேரியா மருந்து. 1860-களில் ஆங்கிலேயர் நீலகிரியில் சின்கோனா பயிரிட்டு, நடுவட்டத்தில் குயினைன் ஆலையும் நடத்தினார்கள். கூடலூர் போகும்போதெல்லாம் அந்த ஊரைக் கடந்திருக்கிறேன். இப்போது வேறு கண்ணோடு பார்ப்பேன்.

மாலையில் ஆழ்வார்பேட்டையில் ஒரு ஓட்டல் பார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டியதும் பார்டெண்டர் தம்பிக்கு உற்சாகம் தாளவில்லை. "சார், நன்னாரியில ஒண்ணு போட்டுத் தரட்டுமா?" என்றார்.

உயரமான கிளாஸ் நிறைய ஐஸ். 50 மி.லி. ஜின், 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, 15 மி.லி. நன்னாரி சர்பத், ஒரு சிட்டிகை உப்பு, மேலே சோடா. ஒரே ஒரு கிளறல். நன்னாரியின் மண்வாசம் ஜூனிபரை அமுக்காமல் தாங்கிப் பிடிக்கிறது. சாயம் சேர்த்த சர்பத் வேண்டாம், வேரை ஊறவைத்துக் காய்ச்சியதுதான் சரி.

ஜின் டானிக் என்றால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு டானிக் போதும். டானிக் இல்லையென்று இனிப்பு சோடா ஊற்றுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கசப்பு போனால் தனியாவும் வால்மிளகும் அந்தச் சர்க்கரையில் காணாமல் போய்விடும். பழத்துண்டுகளை அள்ளிப் போடுவதும் வேண்டாம். நசுக்கிய தனியா நாலைந்து, ஒரு கீற்று எலுமிச்சைத் தோல், அவ்வளவுதான்.