ஆச்சியின் எச்சிலும் என் தங்கக் கரைசலும்

வாய்ப் புற்றுநோயின் தடயத்தை எச்சிலில் தேடும் சோதனைக்காகக் காய்ச்சிய தங்கக் கரைசல் முந்திரிகை ரசத்தின் சிவப்பில் வந்தது. மறுநாள் காலை பார்த்தால் நீலம். மூன்று தடவை இப்படியே பாழானது.

குற்றம் போத்தலில். கிணற்று நீரில் கழுவிக் காயவைத்த போத்தல். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நீர் கேத்திலுக்குள் விடும் வெள்ளைப் படிவை அறியாதவர் யார்? அந்த நீரில் உள்ள கல்சியம் கரைசலில் மிதக்கும் நுண்ணிய தங்கத் துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. தனித்தனியே இருக்கும்வரை அவை 520 நனோமீற்றரை அண்டிய பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பாகத் தெரியும், திரண்டால் நீலம். பிறகு எல்லாவற்றையும் காய்ச்சி வடித்த நீரில்தான் அலசினேன்.

துணிக்கைகளின்மேல் இன்டர்லூக்கின்-8 என்ற புரதத்தைப் பிடிக்கும் பிறபொருளெதிரியை ஏற்றினோம். வாய்ப் புற்றுநோயாளரின் எச்சிலில் இது கூடுவதுண்டு. புரதம் வந்து ஒட்டினால் விழுங்கப்படும் ஒளியின் அலைநீளம் மெல்ல நகரும்; அந்த நகர்வையே அளக்கிறோம். ஆனால் எச்சிலில் அந்தப் புரதம் இருப்பது மில்லிலீற்றருக்குப் பிக்கோகிராம் கணக்கில், அதாவது கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில். பல் முரசு வீங்கினாலும் அது கூடும் என்பது தனித் தலையிடி.

தூய நீரில் அழகாக வேலை செய்தது. எச்சிலில் கவிழ்ந்தது. வெற்றிலை போடுவோருக்குத்தான் இந்தச் சோதனை அதிகம் வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் புற்றுநோய் தரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. அவர்களுடைய எச்சிலோ தானே சிவப்பு. போதாததற்குச் சுண்ணாம்பு வேறு. கிணற்றில் விட்டுவந்த கல்சியம் வாய்க்குள் காத்திருந்தது.

மாதிரி தர ஒப்புக்கொண்ட ஆச்சியிடம், "ஒரு மணித்தியாலம் வெற்றிலை போடக்கூடாது, ஆச்சி" என்றேன்.

"ஒரு மணித்தியாலமோ!" என்று வெற்றிலைக் கொட்டைப்பெட்டியை மடிக்குள் தள்ளினார்.

வாய் கொப்பளித்து, சற்றுப் பொறுத்து, ஐஸில் வைத்த குழாய்க்குள் எச்சிலை வழியவிடவேண்டும். காறித் துப்பினால் சளி சேரும். மையநீக்கியில் சுழற்றி, மேல்நீரை ஐதாக்கி, அதே எச்சிலைப் பிறபொருளெதிரி இல்லாத தங்கத்திலும் அளந்து, அந்த எண்ணைக் கழித்தேன். அப்போதுதான் எண்கள் ஓரளவு அடங்கின.

ஆச்சியின் அளவீடு தெளிவாக எதையும் சொல்லவில்லை. ஆனால் கூட வந்திருந்த பல் வைத்தியர் டோர்ச் அடித்துப் பார்த்தபோது உட்கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, துடைத்தும் போகவில்லை. சிறு துண்டு வெட்டிச் சோதிக்கவேண்டும் என்று சீட்டு எழுதிக்கொடுத்தார்.

ஆச்சி அதை நாலாக மடித்துக் கொட்டைப்பெட்டிக்குள் வைத்தார்.

"இனிப் போடலாமோ, பிள்ளை?"