மூன்றாவது பெட்டி

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். பாளையங்கோட்டை பக்கத்து ஊர் பஜனை மடத்திலிருந்து ஒருவர் சின்ன டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்) ஒன்றை என் ரிப்பேர் கடைக்குக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். "அண்ணாச்சி, மெதுவாப் பாடுனா பாடுது. மிருதங்கம் விழுந்தா பட்டுன்னு நின்னுருது."

கடையில் என் ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன். நிற்கவே இல்லை. சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கும் சூடாகவில்லை. பழைய டிரான்சிஸ்டர் செட் என்றால் கை வைத்தாலே தெரிந்துவிடும். மாட்டிய பெட்டிகள் இழுக்கும் லோடு கூடினால் தோசைக்கல் மாதிரி காயும். டிஜிட்டலில் அந்தத் தடயம் அவ்வளவு எளிதில் கிடைக்காது. உள்ளே சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல லட்சம் தடவை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகின்றன. பாதி திறந்து நின்று காய்வது மிகக் குறைவு.

சரி என்று மறுநாள் மடத்துக்கே போனேன். ஒரே சானலில் மூன்று 8 ஓம் பெட்டிகள், மூன்றும் பேரலல், அதாவது பக்கம் பக்கமாக ஒரே ஜோடி ஒயரில். இப்படிச் சேர்க்கச் சேர்க்க மொத்த ஓம் குறையும், கரண்ட் கூடும். இன்னொரு சானல் காலி. ஒயரைக் கழற்றி மீட்டர் வைத்தால் 2.1 ஓம். மீட்டர் டிசியில் அளப்பதால் எப்போதும் குறைத்துத்தான் காட்டும், கணக்குப்படி 2.67 ஓம்.

போர்டில் இருந்தது டிபிஏ3116 என்ற ஆம்ப் சிப், சப்ளை 24 வோல்ட். இரண்டு பெட்டி என்றால் 4 ஓம், அது உச்சத்தில் 6 ஆம்பியர் கேட்கும். மூன்று பெட்டியின் 2.67 ஓம் 9 கேட்கும். அந்தச் சிப் 7.5 ஆம்பியர் வாக்கில் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். மிருதங்கத்தின் தொப்பி (கனத்த ஒலி தரும் பக்கம்) அதிரும் அந்த நொடியில் கரண்ட் அதைத் தாண்டுகிறது. பழுது எதுவுமே இல்லை, சிப் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது பெட்டியைக் காலிச் சானலுக்கு மாற்றி, மிக்சர் சிக்னலை இரண்டுக்கும் கொடுத்தேன்.

"ஒத்தப் பெட்டி மட்டும் கூடக் கத்தாதா, அண்ணாச்சி?"

நல்ல கேள்வி. கத்தாது. ஆம்ப் கொடுப்பது வோல்டேஜ். கரண்டை அந்தந்தப் பெட்டி தனக்கு வேண்டிய அளவு இழுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் வோல்டேஜ் ஒன்றுதான், அதனால் சத்தமும் ஒன்றுதான். வித்தியாசம் உச்சி ட்ரெபிளில் மட்டும். வெளியே போகும் வழியில் இருக்கும் 10 மைக்ரோஹென்றி காயிலும் 0.68 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 4 ஓமை மனதில் வைத்துப் போட்டவை. 8 ஓமில் 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 4 ஓமைவிட ஒரு டெசிபலுக்குச் சற்று மேல் தூக்கும். பஜனையில் அது யார் காதுக்கும் எட்டாது. வீட்டு ஹைஃபை என்றால் நான் கவனிப்பேன். காயிலுக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுக்கும், அதாவது பெட்டிக்குப் போவதையே பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஆம்புகளில் இந்தத் தூக்கலும் பெரும்பாலும் அடங்கிவிடும். அந்த வகையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கிளம்பும் முன் ஆம்பின் முதுகில் மார்க்கரால் எழுதிவிட்டு வந்தேன்: "ஒரு பக்கத்துக்கு ரெண்டு பெட்டிதான்."